விலங்கோடு உறவுள்ள பெண்ணுக்குக் குமரியில் எந்த விலங்கு?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பதின்வயதினருக்காக ஒரு மிகுபுனைவு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறாராம். நாயகிக்கு 15 வயது. எல்லா விலங்குகளோடும் மனதாலேயே பேசுவாள். களம் முழுக்க நம் கன்னியாகுமரி மாவட்டம். மூன்று அத்தியாயம் எழுதியதும் கதை நின்றுவிட்டது. எந்தெந்த விலங்குகளைச் சேர்க்கலாம், அந்தச் சக்தி எப்படி வேலை செய்ய வேண்டும், இசக்கி, நாகராஜா மாதிரியான தெய்வங்களைக் கதைக்குள் கொண்டுவரலாமா என்பது அவர் கேள்வி. இளையோர் கதைப் பிரதிகளைப் படித்துத் திருத்திக் கொடுப்பது என் வேலை, மாவட்டமும் சொந்த மாவட்டம். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கதை ஏன் நின்றது என்பது உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. "எல்லா விலங்குகளோடும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் காரணம். பருந்திடம் கேட்டால் எதிரி இருக்கும் இடம் தெரிந்துவிடும். எலியிடம் சொன்னால் சாவி வந்துவிடும். நாய் காவல் நிற்கும், யானை கதவை உடைக்கும். அப்புறம் அவளுக்கு என்ன கஷ்டம்? கஷ்டமே இல்லாத பெண்ணை வைத்துக்கொண்டு நான்காவது அத்தியாயத்தில் யாராலும் எதுவும் செய்ய முடியாது. ஒரே ஒரு விலங்கை எடுங்கள். அதுவும் அவள் வீட்டுச் சோற்றோடு சம்பந்தப்பட்ட விலங்காக இருக்கட்டும். அவள் குடும்பம் எதைக் கொன்று பிழைக்கிறதோ அது, இல்லையென்றால் எது வந்து அந்தப் பிழைப்பைக் கெடுக்கிறதோ அது. இந்த ஒரு முடிவை எடுத்துவிட்டால் மீதிக் கேள்விகளில் பாதி தானாகவே அவிழ்ந்துவிடும்.

சக்திக்கு வருவோம். விலங்கு தமிழில் பேச வேண்டாம். சின்னக் குழந்தைகளின் கதையில் நரி பேசலாம், 14 வயது வாசகர் அதைச் சிரித்துக்கொண்டே மூடி வைத்துவிடுவார். பேச்சுக்குப் பதிலாக அந்த விலங்கின் புலன் இவளுக்குள் வருவதாக வைத்துப் பாருங்கள். யானைகள் எழுப்பும் ஒலியில் ஒரு பகுதி 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. நம் காதுக்கு எட்டாது, ஆனால் கிலோமீட்டர் கணக்கில் பரவும். தரை வழியாக வரும் அதிர்வைப் பாதத்தால் உணரவும் யானைக்கு முடியும். இப்போது உங்கள் பெண்ணை ஒரு ரப்பர் தோட்டத்தில் நிறுத்துங்கள். விடியும் முன் அம்மாவோடு பால்வெட்டுக்குப் போகிறாள். நெற்றியில் விளக்கு, கையில் வாளி. திடீரென்று உள்ளங்காலில் ஒரு நடுக்கம். "என்ன பிள்ளே நிக்குத?" என்று அம்மா கேட்கிறாள். எங்கோ ஒரு கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது. வருகிறதா போகிறதா என்று தெரியவில்லை. கன்றை அழைக்கிறதா, ஆளைக் கண்டு எச்சரிக்கிறதா, அதுவும் தெரியவில்லை. அவளுக்குக் கிடைப்பது இவ்வளவுதான். அர்த்தத்தை அவளேதான் கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகக் கண்டுபிடித்தால் யாராவது ஒருவர் சாகக்கூடும். இங்கே கதை நகரத் தொடங்கிவிட்டது பாருங்கள்.

பாம்பு என்றால் கணக்கே வேறு. பாம்புக்கு வெளிக்காது கிடையாது. தரையின் அதிர்வையும், நாக்கை நீட்டி இழுத்துப் பிடிக்கும் மணத்தையும் நம்பித்தான் அது பெரும்பாலும் நடமாடுகிறது. மகுடி இசைக்கு ஆடுகிறது என்று நாம் நினைப்பது மகுடியின் அசைவுக்கு அது காட்டும் எதிர்வினை. ஆகவே பாம்போடு உறவுள்ள பெண்ணுக்கு அந்த நேரத்தில் காது அடைத்துக்கொள்ளட்டும். பக்கத்தில் நின்று அம்மா கூப்பிடுவது கேட்காது, ஆனால் அம்மாவின் பயம் மணமாக வந்து சேரும். சக்திக்கு ஒரு விலை வேண்டும் என்று எழுத்துப் பட்டறைகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். சொன்னவுடன் எல்லோரும் மூக்கில் ரத்தம் வடிவது, மயங்கி விழுவது என்று எழுதிவிடுகிறார்கள். அந்த விலை விலங்கின் உடம்பிலிருந்து வந்தால்தான் நம்பும்படி இருக்கும். ராஜநாகத்தை எடுத்தீர்கள் என்றால் இன்னொரு வசதியும் உண்டு. பாம்புகளில் சருகைக் குவித்துக் கூடு கட்டி முட்டையிடுவது அது மட்டும்தான். பெண் நாகம் பட்டினியாகக் கூட்டைக் காத்துக் கிடந்து, குஞ்சு பொரிக்கும் தறுவாயில் விலகிப் போய்விடும். அம்மாவைப் பிரிந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்ணுக்கு இந்த விவரம் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

மலைப்பக்கத்துக் களம் வேண்டுமென்றால் அதற்கான சரக்கு நிறையவே இருக்கிறது. 2008-ல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் ஏறத்தாழ 402 சதுர கிலோமீட்டர், அதாவது மாவட்டத்தின் பரப்பில் கிட்டத்தட்ட கால் பங்கு. 2022-ல் அகத்தியமலை யானைகள் காப்பகம் வந்தது. குமரி, திருநெல்வேலி இரண்டு மாவட்டக் காடுகளும் அதில் அடக்கம். யானை, புலி, காட்டுமாடு, மிளா, சிங்கவால் குரங்கு, கருமந்தி, மலையணில் என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் அந்தப் பட்டியலைக் கதையில் கொட்டிவிடாதீர்கள். பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் எங்கே முடிகிறது, காடு எங்கே ஆரம்பிக்கிறது, அந்த இடம்தான் உங்களுக்கு வேண்டும். பல இடங்களில் தொழிலாளர் குடியிருப்புக்குப் பின்னாலேயே காடு. பலாச்சக்கை, வாழை, மரச்சீனிக் கிழங்கு எல்லாம் யானைக்கும் பன்றிக்கும் பிடித்தவை. 2023 ஜூனில் கம்பம் பக்கம் பிடிபட்ட அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை மேல்கோதையாறு காட்டில் கொண்டுவந்து விட்டார்கள். நம் மலையோர ஊர்களில் கொஞ்ச நாளைக்கு வேறு பேச்சே இல்லை. அந்த யானையை அப்படியே கதையில் வைக்க வேண்டாம். அதன் நிலைமையை எடுத்துக்கொள்ளுங்கள்: வேறு ஊரிலிருந்து லாரியில் ஏற்றி வந்து இறக்கப்பட்டது, இந்தக் காட்டில் ஒரு தடமும் தெரியாது, கழுத்தில் ரேடியோ பட்டை, சுற்றிலும் அதைக் கண்டு பயப்படும் மனிதர்கள். ஒரு பாத்திரத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்தப் பெண்ணின் வயதையும் மறந்துவிடாதீர்கள். 15 வயதுப் பையன் காட்டுக்குப் போனால் "எங்கே சுற்றிவிட்டு வருகிறாய்" என்று ஒரு அதட்டலோடு போய்விடும். பெண் போனால் ஊரே பேசும். சமைந்த பிறகு ஆற்றுக்குத் தனியாகப் போகக்கூடாது, விளக்கு வைத்த பிறகு முற்றத்தில் நிற்கக்கூடாது என்று எத்தனை கூடாதுகள். மிகுபுனைவு எழுதுகிறவர்கள் இதைச் சுலபமாகத் தாண்டிவிடுகிறார்கள். நாயகி நினைத்த நேரத்தில் காட்டுக்குள் இருப்பாள், யாரும் தேடமாட்டார்கள். அவள் எந்தச் சாக்கில் வெளியே போகிறாள் என்பதை முதலில் தீர்மானியுங்கள். பால்வெட்டு நல்ல சாக்கு, இருட்டிலேயே கிளம்ப வேண்டிய வேலை, வீட்டாரே அனுப்புவார்கள். அதை வைத்தால் பிளஸ் ஒன் வகுப்பில் அவள் தூங்கி வழிவதற்கும் காரணம் கிடைத்துவிடும்.

மலையில் யானையை விட்டால் என் ஓட்டு இருவாட்சிக்கு. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம். முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு கொஞ்சம் வளரும்வரை வாரக்கணக்கில் உள்ளேயே இருக்கும். ஆண் பறவைதான் அத்திப்பழமும் மற்றதும் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். ஆண் செத்துப்போனால் உள்ளே இருக்கும் உயிர்களின் கதி சொல்ல வேண்டியதில்லை. உங்கள் நாயகியின் அண்ணனே அந்த ஆண் பறவையைச் சுட்டுவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். பொந்துக்குள் இருக்கும் பசி இவள் வயிற்றில் எரிகிறது. அண்ணனைக் காட்டிக்கொடுக்கவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. தினமும் பள்ளிக்கு முன்னால் அத்திப்பழத்தோடு மரமேறுகிறாள். மந்திரமே இல்லாமல்கூட இந்த அத்தியாயம் நிற்கும்.

இவ்வளவும் மலையைப் பற்றிச் சொன்னாலும், நான் எழுதுவதாக இருந்தால் மலைக்குப் போகமாட்டேன். யானைக் கதை போதுமான அளவு வந்தாயிற்று. நம் மாவட்டத்துத் தூத்தூர் கடற்கரைக்குப் போவேன்.

தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் ஆழ்கடல் சுறாவேட்டைக்குப் பேர்போனவர்கள். வாரக்கணக்கில் கடலில் தங்கி, நீளக் கயிற்றில் வரிசையாகக் கொக்கி கட்டிய ஆயிரங்கால் தூண்டில் விட்டுப் பிடிப்பார்கள். பிடித்ததைப் பெரும்பாலும் கொச்சித் துறைமுகத்தில் இறக்குவார்கள். அப்படி ஒரு வீட்டில் பிறந்த பெண்ணுக்குச் சுறாவோடு உறவு என்றால் எப்படி இருக்கும்? சுறாவின் மூக்குப் பகுதியில் நுண்துளைகள் உண்டு. மற்ற உயிர்களின் தசை அசையும்போது எழும் மிக மெல்லிய மின்புலத்தைக்கூட அவற்றால் உணரும், மணலுக்கடியில் பதுங்கிய மீனையும் கண்டுபிடிக்கும். அந்தப் புலனை இந்தப் பெண்ணுக்குக் கொடுங்கள். எதிரே நிற்பவரின் நெஞ்சு எப்படி அடிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பொய் சொல்கிறவர், பயந்திருக்கிறவர், ஆசையோடு பார்க்கிறவர், எல்லாம் தெரியும். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது அல்லவா? அதனாலேயே நெரிசலான பேருந்தும் ஞாயிறு பூசையும் அவளுக்கு நரகமாகிவிடும். வகுப்பறையில் 50 நெஞ்சுகள் ஒன்றாக அடிக்கும். டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் தெருவில் அவளால் நடக்க முடியாது. அவளுக்கு நிம்மதி கிடைக்கும் ஒரே இடம் கடல். அந்தக் கரையில் பெண்கள் ஆழ்கடலுக்குப் போவது வழக்கமில்லை.

சிக்கலின் மையம் இனிமேல்தான் வருகிறது. அவள் அப்பாவுக்கு விசைப்படகுக் கடன். டீசல் விலை ஒருபுறம், வட்டி ஒருபுறம். போன தடவை மீன்பாடு இல்லை. சுறா எங்கே கூடியிருக்கிறது என்று இவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் கடன் அடையும், அக்கா கல்யாணம் நடக்கும். முதல் தடவை அப்பா மேல் உள்ள பாசத்தில் சொல்லிவிடுகிறாள். படகு நிறைந்து திரும்புகிறது, வீடே கொண்டாடுகிறது, இவள் மட்டும் ஒவ்வொன்றும் அணைந்துபோனதை உணர்ந்தபடி படுத்திருக்கிறாள். அப்புறம் அப்பா மறுபடியும் கேட்பார். கெட்டவராக இருந்து கேட்க மாட்டார், வேறு வழியில்லாமல் கேட்பார். உங்கள் மூன்று அத்தியாயத்தில் கள்ளவேட்டைக்காரன் ஒருவன் வில்லனாக வருவான் என்று ஊகிக்கிறேன். அவன் தேவையே இல்லை. அவளை நேசிக்கிற ஆளே அவள் உறவைப் பயன்படுத்தும்போதுதான் 15 வயது வாசகரால் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாமல் போகும்.

புயலையும் இதில் சேர்க்கலாம். புயல் நெருங்கிக் காற்றழுத்தம் குறையும்போது சிலவகைச் சுறாக்கள் ஆழமில்லாத கரையோரத்தை விட்டு ஆழத்துக்கு நகர்வதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். பெண்ணுக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. ஆனால் படகுகள் கிளம்பி நாட்களாகிவிட்டன, எட்டுகிற தூரத்தில் ஒன்றுமில்லை. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அந்தக் கரையில் ஆள் திரும்பாத வீடுகள் இன்றும் இருக்கின்றன. அதனால் ஒக்கி என்ற பெயரையோ அந்தத் தேதியையோ வைத்து, "ஒரு பெண்ணுக்கு மட்டும் முன்பே தெரிந்திருந்தது" என்று எழுதாதீர்கள். அதைப் படிக்கப்போகிற பிள்ளைகளில் அப்பாவை இழந்தவர்களும் இருப்பார்கள். கற்பனைப் புயல் ஒன்றை உண்டாக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதுவதே மிகுபுனைவு, அந்தச் சுதந்திரம் உங்களுக்கு இருக்கிறது.

சுறாவுக்குத் தெய்வ ஒட்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டால், பட்டினப்பாலையில் இருக்கிறது. அதில் பரதவர் சினைச்சுறாவின் கொம்பை நட்டு, அதில் அணங்கு ஏறியிருப்பதாக வழிபடுகிறார்கள். காட்சி நடப்பது காவிரிப்பூம்பட்டினத்தில், நம் கரையில் அல்ல. ஆனாலும் ஒரு விதையாக இது போதும். தூத்தூர் கரை 16-ஆம் நூற்றாண்டிலிருந்து கத்தோலிக்கக் கரை. மாதா படத்துக்குப் பின்னால், பாட்டி யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கும் பழைய சுறாக்கொம்பு ஒன்று இருக்கலாம். பாட்டி ஞாயிறு பூசை தவறாதவள், அதையும் தூக்கி எறியாதவள். கொம்பு என்றால் வாள்சுறாவின் ரம்பம் மாதிரியான நீள மூக்கு. அந்தக் கொம்புக்கு இன்னொரு வில்லங்கமும் உண்டு. வாள்சுறா இன்று வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிர், கொம்பை வீட்டில் வைத்திருப்பது குற்றம். யாராவது போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டால் போச்சு. பழைய அணங்கும் புதிய சட்டமும் ஒரே பெட்டியில் இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

குளத்துப்பறவைகளைப் பற்றிச் சுருக்கமாக. சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தன. வலசைப் பறவைகள் ஏறத்தாழ அக்டோபரிலிருந்து மார்ச் வரை இருக்கும். பறவையோடு உறவு என்றால் அந்தச் சக்தியும் அவற்றோடு வந்து அவற்றோடு போகட்டும். கும்பப்பூ நெல் நிற்கும் மாதங்களில் அவள் வேறு ஆள், அடுத்த போகமான கன்னிப்பூ காலத்தில் சாதாரணப் பெண். முழு நாவலுக்கு இது போதுமா என்று எனக்குச் சந்தேகம், ஆனால் நல்ல சிறுகதை.

இனி தெய்வங்கள். தாராளமாகத் தொடலாம். ஆனால் தொடுவதற்கு முன் அந்தக் கதைகளை ஒருமுறை உற்றுப் பாருங்கள். நாகர்கோவில் நாகராஜா கோயிலின் தலவரலாற்றில், புல்லறுக்கப் போன ஒரு பெண்ணின் அரிவாள் நாகத்தின் மேல் பட்டு ரத்தம் வருகிறது. ஊர் கூடுகிறது, வழிபாடு தொடங்குகிறது. மூலவர் இருக்கும் இடத்துக்கு இன்றைக்கும் ஓலைக்கூரைதான், மண்தான் பிரசாதம். மண் ஆறு மாதம் கறுப்பாகவும் ஆறு மாதம் வெளுப்பாகவும் இருக்கும் என்பது நம்பிக்கை. சரி, அந்தப் பெண் அப்புறம் என்ன ஆனாள்? கதை அவளை அங்கேயே விட்டுவிடுகிறது. அரிவாள் பட்ட அந்த நொடியில் அவள் கைக்குள் எது ஏறியது, அவள் பரம்பரையில் இன்றைக்கு 15 வயதில் இருப்பவள் யார், இதெல்லாம் நீங்கள் எழுதலாம். யாரும் கோபித்துக்கொள்ள வழியில்லை, தெய்வத்தை நீங்கள் தொடவே இல்லையே. மண்டைக்காட்டு பகவதியம்மன் கோயிலிலும் புற்றிலிருந்து ரத்தம் வந்ததாகத்தான் கதை. கருவியோ காலோ பட்டு, மண்ணோ பாம்போ ரத்தம் சிந்தி, அதன்பின் மனிதன் கும்பிடுகிற இந்த வரிசை நம் மாவட்டத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. முதலில் காயம், பிறகுதான் உறவு. உங்கள் மந்திர விதியாகவே இதை வைத்துக்கொள்ளலாம்: அந்த விலங்குக்கு இவளால் ஒரு காயம் பட்டால்தான் இணைப்பு உண்டாகும்.

இசக்கி விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முப்பந்தல் இசக்கி கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: நம்பியவனால் கொல்லப்பட்டு, திரும்பப் பிறந்து பழிதீர்த்தவள். வில்லுப்பாட்டில் வரும் பெண் தெய்வங்களில் பலருக்கும் இதே தடம்தான். பிறப்பு, அநியாயம், கொலை, அதன்பின் சக்தி. செத்த பிறகே அவர்களைக் கண்டு ஊர் பயப்படுகிறது. அந்த வடிவத்தை நாவலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், அருமையான வடிவம். அத்தியாயங்களை வில்லுப்பாட்டு நிகழ்ச்சி மாதிரி அடுக்கலாம், நடுவில் குடமடிப்பவர் கேள்வி கேட்கலாம். ஆனால் உங்கள் பெண்ணைக் கொல்லாதீர்கள். உயிரோடு இருக்கும்போதே அவளைக் கண்டு ஊர் கொஞ்சம் தயங்கட்டும்.

வேளிமலைக்கு வாருங்கள். குமாரகோயிலில் வள்ளி கல்யாணத்தின்போது, முருகனும் குறவர்களும் மோதுவதை நடித்துக் காட்டும் குறவர் படுகளம் நடக்கும், நீங்கள் பார்த்திருக்கலாம். வள்ளி தினைப்புனம் காத்துக் கிளி விரட்டியவள், மலையிலேயே வளர்ந்தவள். அவளை யானையைக் காட்டிப் பயமுறுத்தித்தான் கிழவர் வேடத்தில் வந்த முருகன் கைக்குள் வரவைத்தார் என்பது கதை. சின்ன வயதிலிருந்தே எனக்கு இது இடிக்கும். மலையில் பிறந்த பெண்ணுக்கு யானையைக் கண்டால் அப்படியா நடுங்கும்? அவள் நடுங்கவில்லை, அந்த யானையின் நாடகம் முழுக்க அவளுக்குப் புரிந்திருந்தது, தெரிந்தேதான் சம்மதித்தாள் என்று எழுதினால் பக்தர்களும் ரசிப்பார்கள், பிள்ளைகளும் ரசிப்பார்கள். ஆய் அண்டிரனையும் மறக்க வேண்டாம். பொதிகை மலையை ஆண்டவன், யானைகளை வாரிக்கொடுத்தவன். "உன் நாட்டில் இளம்பிடி ஒரு சூலில் பத்துக் கன்று ஈனுமோ?" என்று புறநானூற்றில் மோசியார் அவனைக் கேட்கிறார். நீலநாகம் தந்த ஆடையை ஆலமர் செல்வனான சிவனுக்கு அவன் கொடுத்தான் என்று சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. நாகம் ஏன் ஒரு மனிதனுக்கு ஆடை கொடுத்தது, அதை அவன் ஏன் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை? இரண்டாயிரம் வருடமாகக் காலியாகக் கிடக்கும் இடம் அது.

நம் மலைப் பழங்குடிகளான காணி மக்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. காட்டோடு உறவுள்ள பெண் என்றதும் அவளைக் காணிக்காரப் பெண்ணாக்கிவிட ஆசை வரும். அவர்களின் சாற்றுப்பாட்டும், இரும்புக் கொக்கரையை உரசி ராத்திரி முழுக்கப் பாடும் முறையும் யாரையும் ஈர்க்கும். ஆனால் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் பஸ் பிடித்துப் பள்ளிக்கூடம் போகிறார்கள், போனில் சிக்னல் இல்லை என்று அலுத்துக்கொள்கிறார்கள். பழங்குடி என்றாலே மந்திரம் என்று எழுதுவது சோம்பல். அங்கே பழகாமல் நாயகியை அங்கிருந்து எடுக்காதீர்கள். அவளுடைய வகுப்புத் தோழியாக, இவளுடைய "சக்தி"யைக் கேட்டுச் சிரிக்கிற பெண்ணாக ஒரு காணிப் பெண் வந்தால் கதைக்கே நல்லது.

இன்னொன்று, நாயகி குரங்குக்குட்டியையோ கிளியையோ வீட்டில் வளர்ப்பதாக எழுதாதீர்கள். 1972-ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டப்படி பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பதும் குற்றம். இந்த வயதுப் பிள்ளைகள் படித்ததைச் செய்து பார்ப்பார்கள். உரையாடலில் விளவங்கோட்டுப் பேச்சையும் நாஞ்சில்நாட்டுப் பேச்சையும் கடற்கரைப் பேச்சையும் ஒன்றாகக் குழப்ப வேண்டாம். மூன்றும் மூன்று விதம், உள்ளூர் வாசகர் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

எழுதிய மூன்று அத்தியாயத்தையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வீடு, பள்ளி, அம்மாவோடு சண்டை வரும் இடங்களை அப்படியே வைத்துக்கொண்டு, எல்லா விலங்குகளும் அவளோடு பேசும் பக்கங்களை மட்டும் நீக்கிவிட்டுப் பாருங்கள். சுறாவை எடுப்பதாக முடிவு செய்தால் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் போய் ஆட்களோடு பேசிவிட்டு எழுதுங்கள். மேற்குக் கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மீன்பிடித் தடைக்காலம். அப்போது போனால் ஆழ்கடல் போகிறவர்களில் பலர் ஊரில் இருப்பார்கள், வலையையும் தூண்டிலையும் சரிசெய்துகொண்டே பேசுவார்கள்.